ஸ்கவுட்கள் கோட்டைவிடும் குவாட்டர்பேக்குகள்: ஏன் நடக்கிறது, நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் டிராஃப்ட் ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் நடக்கும். 32 அணிகள், 7 சுற்றுகள், ஏறக்குறைய 260 பெயர்கள். கல்லூரி ஆட்டக்காரர்களில் யார் எந்த அணிக்குப் போகிறார் என்பது அங்கேதான் முடிவாகும். பின்னாளில் பெயர்பெற்ற சில குவாட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்கள், அந்தப் பட்டியலில் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள்.

பார்ட் ஸ்டார், 1956இல் 17ஆம் சுற்றில் 200ஆவது ஆள். ஜானி யுனைடஸ், 1955இல் 102ஆவது ஆள். எடுத்த பிட்ஸ்பர்க் அணியே சீசன் தொடங்கும் முன் அவரை வெளியே அனுப்பிவிட்டது. ஜோ மான்டானா 1979இல் 82. டாம் பிரேடி 2000இல் 199. பிராக் பர்டி 2022இல் 262, அதாவது கடைசி ஆள். வாரன் மூன், கர்ட் வார்னர், டோனி ரோமோ மூவரையும் எந்த அணியும் எடுக்கவே இல்லை.

இவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஏதோ மூலையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிரேடி ஆடிய மிஷிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம் வரும். மூன் 1978இல் ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர்; நாடே அந்த ஆட்டத்தைப் பார்த்தது. பர்டி அயோவா ஸ்டேட்டில் நாலு வருஷம் ஆடியவர். அணிகளுக்காக ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடும் ஸ்கவுட்கள் இவர்களை நன்றாகவே பார்த்தார்கள், குறிப்பு எழுதினார்கள், பார்த்த பிறகும் விட்டார்கள். அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் இத்தனை ஆர்வம். கண்முன்னால் நின்ற ஆளை விட்டிருக்கிறார்கள் என்றால், பார்த்த விதத்தில்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

அந்தக் கோளாறு எங்கெங்கே வருகிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். அடுத்த டிராஃப்டுக்கு முன் ஒரு கல்லூரிக் குவாட்டர்பேக்கை நீங்களே எடைபோட இது போதும். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் தெரிந்திருந்தால் சரி.

படி 1: குவாட்டர்பேக்கின் வேலை என்ன என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்

பந்து வீசப்போகும் முயற்சிகளில் குவாட்டர்பேக்கின் கையில் அது இருப்பது பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று வினாடி. எதிரணியின் 11 பேர் என்ன திட்டத்தோடு நிற்கிறார்கள், பந்தைப் பிடிக்க ஓடும் தன் ரிசீவர்கள் நாலைந்து பேரில் யாருக்கு இடம் கிடைக்கும், தன்னை நோக்கி ஓடிவரும் 120 கிலோ ஆள் எத்தனை அடி தள்ளி இருக்கிறான் என்பதையெல்லாம் அதற்குள் பார்த்து முடிவெடுத்து எறிய வேண்டும். ரிசீவர் இடத்துக்கு வந்துசேர்ந்த பிறகு எறிந்தால் தாமதம். அவர் திரும்பிப் பார்க்கும் முன்பே, வரப்போகும் இடத்தை நோக்கிப் பந்து கிளம்பியிருக்க வேண்டும்.

ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். 2002 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ். லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் செயின்ட் லூயிஸ் ராம்ஸும் 17-17 என்று சமநிலை. மீதி நேரம் 1 நிமிடம் 21 வினாடி. பேட்ரியாட்ஸ் கையில் டைம்அவுட் ஒன்றுகூட இல்லை. பந்து அவர்களுடைய 17 யார்டு கோட்டில். வர்ணனையில் இருந்த ஜான் மேடன், பேசாமல் நேரத்தைக் கடத்திவிட்டுக் கூடுதல் நேரத்துக்குப் போவதே நல்லது என்றார். பிரேடி முதன்மைக் குவாட்டர்பேக்காக ஆடிய முதல் சீசன் அது.

முதல் பந்து, கிட்டத்தில் நின்ற ஜே.ஆர். ரெட்மண்டுக்கு: 5 யார்டு. அடுத்ததும் அவருக்கே: 8 யார்டு. பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். மூன்றாம் முறையும் ரெட்மண்ட்: 11 யார்டு, அப்படியே எல்லைக்கோட்டுக்கு வெளியே. அடுத்த முறை எதிரணி பாய்ந்து வந்ததும், மாட்டிக்கொள்ளாமல் ஆளில்லாத இடத்தில் பந்தை எறிந்துவிட்டார். அதற்கடுத்து நடுவில் இடம் திறந்தது. டிராய் பிரவுனுக்கு 23 யார்டு. ஜெர்மெய்ன் விக்கின்ஸுக்கு 6. 7 வினாடி மீதியிருக்க மறுபடி பந்தைத் தரையில் அடித்தார். ஆடம் வினாட்டியேரி 48 யார்டு தூரத்திலிருந்து உதைத்தார், பேட்ரியாட்ஸின் வெற்றியோடு ஆட்டம் முடிந்தது.

மேலே சொன்னவற்றில் அசுர பலம் தேவைப்பட்ட எறிதல் ஒன்றுகூடக் கிடையாது. எதை எறிவது, எதை விடுவது, கடிகாரத்தை எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள்தான் எல்லாம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று எதிரணியின் குவாட்டர்பேக் கர்ட் வார்னர். உலகமே பார்த்த அந்த ஆட்டத்தில் ஒரு பக்கம் 199ஆவது ஆள், மறுபக்கம் யாருமே எடுக்காத ஆள்.

படி 2: ஸ்கவுட்டின் அறிக்கை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு ஸ்கவுட் ஒரு ஆளைப் பற்றித் தன்னந்தனியாக முடிவெடுப்பதில்லை. பிளெஸ்டோ, நேஷனல் என்று இரண்டு கூட்டு அமைப்புகள் இருக்கின்றன. பல அணிகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. ஒரு மாணவர் கடைசி ஆண்டுக்குள் நுழையும் முன்பே இவை அவருக்கு ஒரு தொடக்க மதிப்பெண் போட்டுவிடும். அப்புறம் இலையுதிர் காலத்தில் அந்தந்த வட்டாரத்தின் ஸ்கவுட் கல்லூரிக்குப் போவார். பயிற்சியாளர்களிடம் பேசுவார், ஆட்டப்படம் பார்ப்பார். பிறகு மூத்த ஸ்கவுட் ஒருவர் சரிபார்ப்பார். குளிர்காலத்தில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற சோதனை முகாம். கடைசியாகப் பொது மேலாளரும் தலைமைப் பயிற்சியாளரும் உட்கார்ந்து வரிசைப்படுத்துவார்கள்.

இதில் என்ன சிக்கல்? முதல் மதிப்பெண் அவ்வளவு எளிதில் அசையாது. தொடக்கத்தில் தாழ்வாக எழுதப்பட்டவர் எத்தனை நன்றாக ஆடினாலும் ஓரிரு படி ஏறுவார். உச்சிக்கு வருவது அபூர்வம். அதோடு, வேலைக்கு வரும் ஆபத்தையும் நினைத்துப் பாருங்கள். ஆறடி நாலங்குலம், பலமான கை, பெரிய கல்லூரி என்று எல்லாம் அமைந்த ஒருவரைப் பரிந்துரைத்து அவர் தோற்றுப்போனால் யாரும் ஸ்கவுட்டைத் திட்ட மாட்டார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஆள்தானே என்பார்கள். குள்ளமான ஒருவருக்காக வாதாடித் தோற்றால் அவர் பெயர்தான் கெடும். வட்டார ஸ்கவுட்களின் சம்பளமும் வேலை நிரந்தரமும் பெரிதாக இல்லாத தொழில் இது. அவர்கள் பத்திரமான பக்கம் சாய்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சாய்வை நாம் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

படி 3: அங்குலத்தையும் வினாடியையும் அவற்றின் இடத்தில் வையுங்கள்

கம்பைனில் உயரம், எடை, உள்ளங்கை விரிவு எல்லாம் அளப்பார்கள். 40 யார்டு ஓடச் சொல்வார்கள், நின்ற இடத்தில் குதிக்கச் சொல்வார்கள். பிரேடி 40 யார்டை 5.28 வினாடியில் ஓடினார், 24.5 அங்குலம் குதித்தார். சட்டையில்லாமல் அரைக்கால் சட்டையோடு அவர் நிற்கும் அந்தப் புகைப்படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெலிந்த உடம்பு, கால் வேகம் கிடையாது, கையிலும் பலம் போதாது என்பதுதான் அன்றைய அறிக்கைகளின் சாரம். அவற்றில் பொய் இல்லை. குவாட்டர்பேக் ஓர் ஆட்டத்தில் நேர்கோட்டில் 40 யார்டு ஓடுவது எத்தனை தடவை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

டேவிட் பெர்ரி, ராப் சிம்மன்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2011இல் இதையே ஆராய்ந்து எழுதினார்கள். கம்பைன் அளவுகள் ஒருவர் டிராஃப்டில் எத்தனையாவது ஆளாகப் போகிறார் என்பதை நன்றாகவே பாதிக்கின்றன. களத்தில் ஒவ்வொரு முயற்சியிலும் அவர் எப்படி ஆடுகிறார் என்பதோடு அவற்றுக்குப் பெரிய தொடர்பு இல்லை என்பது அவர்கள் கண்டது.

உயரத்தில்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். குவாட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் லைன்மேன்கள் ஆறடி நாலு, ஐந்து அங்குலம் இருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேலாகப் பார்க்க உயரம் வேண்டும் என்பது பழைய வாதம். ட்ரூ ப்ரீஸ் சரியாக ஆறடி. 2001இல் முதல் சுற்றில் யாரும் எடுக்காமல் 32ஆவது ஆளாக இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார் (அப்போது 31 அணிகள்தான்). ரஸல் வில்சன் ஆறடிக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் குறைவு. 2012இல் 75ஆவது ஆள். இரண்டு பேருமே சூப்பர் பௌல் வென்றார்கள். லைன்மேன்களின் தலைக்கு மேலே பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் சந்தில் பார்த்தார்கள், சந்து இல்லாதபோது ஓரடி நகர்ந்து உண்டாக்கிக்கொண்டார்கள். இவர்கள் வந்த பிறகு இந்த வாதம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கைலர் மர்ரி 2019இலும் பிரைஸ் யங் 2023இலும் ஐந்தடி பத்தங்குல உயரத்தோடு முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் பார்த்துவிடுவோம். ஜமார்கஸ் ரஸல் ஆறடி ஆறங்குலம். முழங்காலிட்டபடியே பந்தை வெகுதூரம் எறிவார். 2007இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 2009 சீசனோடு அவருடைய என்.எஃப்.எல். வாழ்க்கை முடிந்துவிட்டது.

அறிவுத் தேர்வுகளும் இதே கதைதான். வொண்டர்லிக் என்ற 12 நிமிட, 50 கேள்வித் தேர்வைப் பல பத்தாண்டுகள் நடத்திவிட்டு 2022இல் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டே, வேறொரு புதிய தேர்வில் சி.ஜே. ஸ்ட்ரவுடுக்கு மதிப்பெண் மிகக் குறைவு என்று செய்தி கசிந்தது. அந்த சீசனில் தாக்குதல் ஆட்டத்துக்கான சிறந்த புதுமுகம் விருது அவருக்கே கிடைத்தது.

ஆக, இந்த எண்களை ஒரு குறைந்தபட்ச வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாசலைத் தாண்டியவர்களை அந்த எண்களைக் கொண்டே வரிசைப்படுத்தாதீர்கள்.

படி 4: பெஞ்சில் உட்கார்ந்தவர் ஏன் உட்கார்ந்தார் என்று விசாரியுங்கள்

சொந்தப் பயிற்சியாளரே நம்பாத ஆளை நாம் ஏன் நம்ப வேண்டும்? ஸ்கவுட்கள் இப்படிக் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். இந்தக் கேள்விதான் வரலாற்றின் மிகப் பெரிய தவறுகளுக்குக் காரணமாகவும் இருந்திருக்கிறது.

1999இல் மிஷிகனில் பிரேடி மூத்தவர். ஆனால் ட்ரூ ஹென்சன் என்ற இளைஞர்மேல் எல்லோருக்கும் பெரிய எதிர்பார்ப்பு. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி அவரை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது. பயிற்சியாளர் லாயிட் கார் ஓர் ஏற்பாடு செய்தார். முதல் கால்பகுதி பிரேடி, இரண்டாவது ஹென்சன், இடைவேளைக்குப் பிறகு யார் என்று அப்போது பார்க்கலாம். சில வாரங்கள் இப்படியே ஓடி, கடைசியில் பிரேடியே முழுதாக ஆடினார். 2000 ஜனவரி 1 அன்று ஆரஞ்ச் பௌலில் அலபாமாவுக்கு எதிராக இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கியும், 369 யார்டு, 4 டச்டவுன் எறிந்து, கூடுதல் நேரத்தில் 35-34 என்று வென்றார். ஸ்கவுட்களின் நினைவில் நின்றதோ அந்தப் பங்குபோட்ட வாரங்கள்தான். ஒவ்வொரு வாரமும் வேலை போய்விடலாம் என்ற நிலையிலும் ஆடி ஜெயித்தவர் என்று அதே தகவலைப் படித்திருக்கலாம். அப்படிப் படித்தவர் மிகச் சிலர். பேட்ரியாட்ஸின் குவாட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபெய்ன் அவர்களில் ஒருவர். நேரில் போய்ப் பார்த்துப் பரிந்துரைத்தார். 2001 ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். தன் பேச்சு எவ்வளவு சரியாக இருந்தது என்று பார்க்க அவர் இல்லை. எனக்கு இது இப்போது நினைத்தாலும் வருத்தம்.

பார்ட் ஸ்டாரின் கதையும் இதுதான். அலபாமாவில் முதுகில் அடிபட்டது. புதிதாக வந்த பயிற்சியாளர் இளம் ஆட்களை இறக்க நினைத்ததால் கடைசி ஆண்டில் அவர் அதிகம் ஆடவில்லை. கிரீன் பே அணியிடம் அவருக்காகப் பேசியவர் அலபாமாவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜானி டீ. கால்பந்து ஸ்கவுட் யாரும் பேசவில்லை.

ஜேலன் ஹர்ட்ஸை 2018 ஜனவரியில் கல்லூரி இறுதியாட்டத்தின் இடைவேளையில் நாடே பார்க்க வெளியே உட்காரவைத்தார்கள். அவர் பிறகு ஓக்லஹோமாவுக்கு மாறி ஆடினார், 2020இல் 53ஆவது ஆளாகப் போனார். 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒருவர் ஆடாத ஆட்டங்களைத் தேதியோடு எழுதுங்கள். காயமா, பயிற்சியாளர் மாற்றமா, முன்னால் இருந்தவர் அசாதாரண ஆளா, நிஜமாகவே மோசமாக ஆடினாரா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். கடைசிக் காரணம் மட்டுமே அவருக்கு எதிரான சாட்சி.

படி 5: "சிஸ்டம்" என்ற முத்திரையைக் கிழித்துப் பாருங்கள்

ஒரு கல்லூரியின் ஆட்டமுறை எளிதானது, அதில் யார் ஆடினாலும் பெரிய எண்கள் வரும் என்று சொல்லி ஆளைத் தள்ளிவிடுவது வழக்கம். 2005இல் ஏரன் ராட்ஜர்ஸ் 24ஆவது ஆளாக விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்டிடம் முன்பு பழகிய அகிலி ஸ்மித், ஜோயி ஹாரிங்டன், கைல் போலர் ஆகியோர் என்.எஃப்.எல்.லில் சோபிக்கவில்லை. அந்தப் பழி ராட்ஜர்ஸ் தலையில் விழுந்தது. நியூயார்க் அரங்கில் கேமரா முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்க, மணிக்கணக்கில் காத்திருந்தார்.

2017இல் பேட்ரிக் மஹோம்ஸ் டெக்ஸஸ் டெக்கிலிருந்து வந்தார். அங்கே பந்தை எறிந்துகொண்டே இருப்பார்கள், எண்கள் குவியும். அந்த ஆட்டமுறையிலிருந்து வந்த குவாட்டர்பேக்குகள்மேல் பொதுவாகவே நம்பிக்கை இல்லை. சிகாகோ பேர்ஸ் ஓரிடம் முன்னேறி இரண்டாவது ஆளாக மிட்சல் ட்ரூபிஸ்கியை எடுத்தது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27ஆம் இடத்திலிருந்து 10க்கு விலைகொடுத்து ஏறி மஹோம்ஸை எடுத்தது. முழுதாக ஆடிய முதல் சீசனிலேயே 50 டச்டவுன்.

இந்த முத்திரையைச் சோதிக்க வழி இருக்கிறது. திட்டமிட்டபடி நடக்காத முயற்சிகளை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். முதல் ரிசீவருக்கு இடம் கிடைக்கவில்லை, லைன் உடைந்துவிட்டது, அதற்கப்புறம் என்ன செய்கிறார்? அந்த இடத்தில் சிஸ்டம் கைகொடுக்காது. மஹோம்ஸின் கல்லூரிப் படத்தில் அப்படிப்பட்ட முயற்சிகள் ஏராளம்.

படி 6: ஆளைப் பார்த்து எழுதியதா, ஆட்டத்தைப் பார்த்து எழுதியதா?

இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். நீண்ட காலம் கறுப்பினக் குவாட்டர்பேக்குகளை அந்த இடத்தில் ஆடவே விடவில்லை. தலைமை தாங்க மாட்டார்கள், திட்டம் புரியாது என்று சொல்லி ரிசீவராகவோ தற்காப்பு ஆட்டக்காரராகவோ மாறச் சொன்னார்கள். மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வரில் குவாட்டர்பேக்காக நன்றாக ஆடினார். அடுத்த ஆண்டே அவருக்கு அங்கே அந்த இடம் இல்லை, வேறு அணியில் ரிசீவரானார். ரோஸ் பௌல் நாயகனான வாரன் மூன் மாற மறுத்தார். 1978 டிராஃப்டில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. கனடாவுக்குப் போய் எட்மண்டனில் தொடர்ந்து ஐந்து கிரே கோப்பைகள் வென்ற பிறகு 1984இல் ஹூஸ்டன் அவரை அழைத்தது. 2006இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவர்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. லமார் ஜாக்ஸன் 2016இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். 2018இல் அவரை ரிசீவராக மாற்றலாம் என்று அனுபவசாலியான முன்னாள் மேலாளர் பில் போலியன் வெளிப்படையாகவே சொன்னார். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாகப் போனார் ஜாக்ஸன். 2019இல் வாக்களித்த அத்தனை பேரும் அவரையே மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். போலியன் தான் சொன்னது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

அறிக்கைகளைப் படிக்கும்போது "இயல்பான உடல் திறமை", "உழைப்பாளி", "தலைமைப் பண்பு" போன்ற சொற்கள் யாருக்கு விழுகின்றன என்று கவனியுங்கள். அந்தச் சொல்லுக்கு ஆதாரமாக ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைச் சொல்கிறார்களா என்று தேடுங்கள். சொல்லவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடலாம்.

படி 7: படத்தை நீங்களே பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தொலைக்காட்சி ஒளிபரப்பு பந்தைத் தொடரும். கிடைத்தால் 22 பேரும் தெரியும் உயரக் கேமராப் படத்தைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒளிபரப்பே போதும், நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். சிறப்புக் காட்சித் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் எல்லோருமே நட்சத்திரம்தான்.

ஒருவருக்குக் குறைந்தது நாலு முழு ஆட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு, அவர் அணி தோற்ற ஆட்டங்களாக இருக்கட்டும். எதிரணி பலமானதாக இருக்க வேண்டும். முதலில் மூன்றாவது முயற்சியில் 7 யார்டுக்கு மேல் தேவைப்படும் தருணங்களை மட்டும் ஓடவிடுங்கள். எறியப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்த நேரம் அது, ஏமாற்று வேலை எடுபடாது.

பந்து கைக்கு வந்ததும் படத்தை நிறுத்தி, நீங்களாக இருந்தால் எங்கே எறிவீர்கள் என்று ஒரு முடிவெடுங்கள். பிறகு ஓடவிட்டு, அவர் எங்கே பார்க்கிறார் என்று தலையைக் கவனியுங்கள். ஒரே ரிசீவரை முறைத்துக்கொண்டே இருந்தால் என்.எஃப்.எல். தற்காப்பு ஆட்டக்காரர்கள் அதை வாசித்துவிடுவார்கள். ஒரு பக்கம் பார்த்து எதிராளியை நகர்த்திவிட்டு மறுபக்கம் எறிகிறாரா? அது பெரிய விஷயம்.

அடுத்து கால்கள். ஆட்கள் பாய்ந்து வரும்போது, கண்ணைக் கீழே இறக்கி அவர்களைப் பார்க்கிறாரா, அல்லது ஓரடி விலகிக்கொண்டு கண்ணை மேலேயே வைத்திருக்கிறாரா? பிரேடியால் ஓட முடியாது என்பது சரி. ஆனால் லைன்மேன்கள் காக்கும் பாக்கெட் என்ற வளையத்துக்குள் அவர் எடுத்துவைக்கும் அந்த அரை அடியைக் கடிகாரத்தால் அளக்க முடியாது. சாக் வாங்குவதையும் (எறியும் முன்பே பந்தோடு வீழ்த்தப்படுவது) லைன்மேன்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பந்தை அதிக நேரம் வைத்திருக்கும் பழக்கம் குவாட்டர்பேக்கோடு அடுத்த அணிக்கும் கூடவே வரும்.

அப்புறம், பந்து ரிசீவரின் கையில் எந்த இடத்தில் போய்ச் சேர்கிறது என்பது. பிடித்தாரா இல்லையா என்பதைவிட இது முக்கியம். ஓட்டம் தடைபடாமல் நெஞ்சுக்கு முன்னால் வந்தால் அந்த 6 யார்டு 20 ஆகும். பின்னால் போனால் 6 யார்டோடு நின்றுவிடும். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே "முடிந்த எறிதல்"தான்.

கடைசியாக, எதிரணி பந்தைப் பறித்த பிறகு வரும் அடுத்த மூன்று எறிதல்களைப் பாருங்கள். பயந்து சுருங்குகிறாரா, வெறிபிடித்து எறிகிறாரா, வழக்கம்போல் ஆடுகிறாரா?

படி 8: எண்களில் எதை நம்பலாம்

கல்லூரியில் எத்தனை ஆட்டங்கள் முதன்மையாக ஆடினார் என்பது எளிமையான, ஆனால் பயனுள்ள எண். பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் இதைத் தன் விதிகளில் ஒன்றாகவே வைத்திருந்தார். ட்ரூபிஸ்கி ஆடியது 13 ஆட்டங்கள். 2021இல் மூன்றாவதாகப் போன ட்ரே லான்ஸ் 17. ரஸல் வில்சன் இரண்டு கல்லூரிகளில் சேர்த்து 50. அதிகம் ஆடியவரைப் பற்றி அதிகம் தெரியும். குறைவாக ஆடியவரைப் பற்றிய பாதி மதிப்பீடு நம் ஆசைதான். விதிவிலக்கு உண்டு: கேம் நியூட்டன் ஆபர்னில் ஒரே ஒரு சீசன் ஆடி முதல் ஆளாகப் போய், 2015இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

எண்களை மட்டும் நம்புகிறவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். ஜாஷ் ஆலன் கல்லூரியில் 2017இல் எறிந்தவற்றில் முடிந்தவை 56 சதவீதம்தான். புள்ளிவிவரக்காரர்களில் பலர் அவர் தேற மாட்டார் என்றே எழுதினார்கள். அவருடைய உடம்பையும் கையையும் பார்த்த ஸ்கவுட்களின் பேச்சைக் கேட்டு பஃபலோ அணி ஏழாவதாக எடுத்தது, 2024இல் அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பள்ளி முடித்தபோதோ அவரை எந்தப் பெரிய கல்லூரியும் கேட்கவில்லை. பயிற்சியாளர்களுக்கு வரிசையாக மின்னஞ்சல் அனுப்பி, ரீட்லி என்ற சின்னக் கல்லூரி வழியாக வயோமிங் போனவர். ஒரே ஆளைக் கல்லூரி ஸ்கவுட்கள் தவறவிட்டார்கள், என்.எஃப்.எல். ஸ்கவுட்கள் பிடித்துவிட்டார்கள்.

படி 9: எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பாருங்கள்

திறமை பாதி, வாய்ப்பு பாதி. யுனைடஸுக்குப் பிட்ஸ்பர்க்கில் ஒரு முன்னோட்ட ஆட்டத்தில்கூடப் பந்தெறிய இடம் கொடுக்கவில்லை. வெளியே வந்து கட்டட வேலை பார்த்துக்கொண்டு, ப்ளூம்ஃபீல்ட் ராம்ஸ் என்ற உள்ளூர் அணிக்கு ஆட்டத்துக்கு 6 டாலருக்கு ஆடினார். 1956இல் பால்டிமோர் அழைத்தது. வார்னர் 1994இல் கிரீன் பே முகாமிலிருந்து திரும்பி, அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் இரவு நேரத்தில் மணிக்கு 5.50 டாலர் கூலிக்குச் சரக்கு அடுக்கினார். உள்ளரங்க லீக், ஆம்ஸ்டர்டாம் அணி என்று சுற்றி ராம்ஸுக்கு வந்தார். 1999இல் அங்கே முதன்மைக் குவாட்டர்பேக்காக இருந்த டிரென்ட் கிரீனுக்கு முழங்காலில் அடிபட்டிராவிட்டால் அந்த சீசனில் அவர் எறிந்த 41 டச்டவுன்களும் கிடையாது.

பிரேடிக்கு நடந்ததும் இதே மாதிரிதான். 2000இல் பேட்ரியாட்ஸ் நாலாவது குவாட்டர்பேக் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அணிகள் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. 2001 செப்டம்பரில் முதன்மைக் குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ காயப்பட்டதும் கதவு திறந்தது. பர்டிக்கு 2022இல் லான்ஸ், கராப்போலோ என்று இரண்டு பேர் அடிபட்ட பிறகே வாய்ப்பு வந்தது.

தப்பான இடத்துக்குப் போனவர் எப்படி ஆவார்? 2005இல் ராட்ஜர்ஸுக்கு முன் முதல் ஆளாகப் போன அலெக்ஸ் ஸ்மித்துக்கு ஏறக்குறைய ஆண்டுக்கொரு தாக்குதல் பயிற்சியாளர் மாறினார். தோற்றவர் என்று எழுதித்தள்ளிவிட்டார்கள். 2011க்குப் பிறகு நல்ல பயிற்சியாளர்கள் கிடைத்ததும் அதே ஆள் வெற்றிகரமாக ஆடினார். ராட்ஜர்ஸோ கிரீன் பேயில் முதன்மைக் குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரின் பின்னால் மூன்று ஆண்டுகள் அவசரமில்லாமல் கற்றுக்கொண்டார்.

அதனால் தலைமைப் பயிற்சியாளரின் வேலை எவ்வளவு உறுதி, முன்னால் யார் நிற்கிறார், லைன் எப்படி என்ற மூன்றையும் பார்க்காமல் ஒரு புதுமுகத்தைப் பற்றி ஆரூடம் சொல்லாதீர்கள்.

படி 10: தவறவிட்டவர்களோடு சரியாகவே விட்டவர்களையும் எண்ணுங்கள்

பிரேடியைப் பற்றிப் பேசும்போது அவருக்கு முன் எடுக்கப்பட்ட ஆறு பேரைப் பட்டியல் போடுவார்கள்: பென்னிங்டன், கர்மாஸி, ரெட்மன், டீ மார்ட்டின், பல்ஜர், வின். கர்மாஸி முறையான சீசன் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. ஆனால் மார்க் பல்ஜர்? 168ஆவது ஆள். எடுத்த நியூ ஆர்லியன்ஸ் அணி விட்டுவிட்டது. ராம்ஸில் 2002இல் வார்னர் அடிபட்டபோது உள்ளே வந்து, லீக்கின் நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்கு இரண்டு முறை தேர்வானார். அவரும் தவறவிடப்பட்டவர்தான், யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை.

ஆறாம் சுற்றுக் குவாட்டர்பேக்குகளில் பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. தாமதமாக எடுக்கப்பட்ட ஒவ்வொருவரும் மறைந்திருக்கும் பிரேடி என்று நினைப்பது ஸ்கவுட்களின் தவறைவிடப் பெரிய தவறு. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் இருவரும் டிராஃப்டை ஆராய்ந்தபோது, ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்படும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர் மேலாக அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே அதிகம் என்று கண்டார்கள். ஸ்கவுட்கள் முட்டாள்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு குவாட்டர்பேக்கைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடியது அவ்வளவுதான். பிழை, அதற்கு மேல் தெரியும் என்று நம்பி மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை ஒரே ஆளுக்காகக் கொட்டுவதில்தான். லான்ஸுக்காக சான் பிரான்சிஸ்கோ அதைத்தான் செய்தது. கடைசியில் அதே அணியைச் சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனவர் 262ஆவது ஆள்.

இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தவர் 1990களில் கிரீன் பேயின் பொது மேலாளராக இருந்த ரான் வுல்ஃப். ஃபாவ்ர் உச்சத்தில் இருந்த காலத்திலும் அடிக்கடி, தாமதமான சுற்றுகளில் ஒரு குவாட்டர்பேக்கை எடுத்துக்கொண்டே இருந்தார். மார்க் புருனெல் 5ஆம் சுற்று, மேட் ஹாசல்பெக் 6ஆம் சுற்று, ஏரன் புரூக்ஸ் 4ஆம் சுற்று. மூவரும் பிறகு வேறு அணிகளில் முதன்மைக் குவாட்டர்பேக் ஆனார்கள். அவர் முகாமுக்கு அழைத்துத் திருப்பி அனுப்பியவர்களில் வார்னரும் ஒருவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீங்களும் அப்படியே செய்து பார்க்கலாம். டிராஃப்டின் மூன்றாம் நாளான சனிக்கிழமை, 4 முதல் 7 வரையான சுற்றுகளில் போகும் குவாட்டர்பேக்குகளையும், எடுக்கப்படாதவர்களில் இரண்டு மூன்று பேரையும் எழுதிவையுங்கள். ஒவ்வொருவருக்கும் நேராக, ஏன் தாமதமானார், படத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள், எந்த அணி, அவருக்கு முன்னால் யார் என்று நாலு வரி. தேதி போடுங்கள். மூன்று சீசன் கழிந்த பிறகு எடுத்து ஒப்பிடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால், காயத்துக்காகக் காத்திருக்கும் ஒருவரைத் தேறாதவர் என்று அடித்துவிடுவீர்கள்.